கல்விக்கு வயது வரம்பில்லை எனக் காட்டிய மௌலானா ஆஸாத்



திருமறையின் முதல் அருள்வாக்கு, ஓதுமாறு பணித்த கட்டளையாகும். அஃது இறங்கியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வயது 40. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தவருள் எழுத்தறிந்தோர், மீட்புத் தொகைக்கு ஈடாக மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றதும் நீங்கள் அறிந்த வரலாறே. இவற்றைக் கேட்டு வளர்ந்த நம் இல்லங்களில், வயது கடந்தபின் படிப்பு எதற்கு என்னும் எண்ணம் எங்ஙனம் குடிபுகுந்தது? இதனைச் சிந்திக்க விழைவோர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் வாழ்வை ஒருமுறை நோக்குதல் நலம்.

மக்காவில் பிறப்பு, கல்கத்தாவில் கல்வி

1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் புனித மக்காவில் அன்னார் பிறந்தார். இயற்பெயர் முஹிய்யுத்தீன் அஹ்மத். தந்தையார் மௌலானா கைருத்தீன் புகழ்பெற்ற மார்க்க அறிஞர். தாயார் அரபுக் குலத்துப் பெண்மணி. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. தற்காலப் பள்ளிகளில் தந்தையாருக்கு நம்பிக்கையில்லை. ஆகவே வீட்டிலேயே அரபு, பார்ஸி, தத்துவம், கணிதம் ஆகியன கற்பிக்கப்பட்டன. பிறர் பல்லாண்டு பயிலும் பாடத்தை ஆஸாத் பதினாறு வயதிலேயே முடித்து, பிறருக்குக் கற்பிக்கவும் தொடங்கினார்.

அத்துடன் கல்வி நிறைவுற்றது என்று அவர் அமைதி கொள்ளவில்லை. ஸர் ஸையித் அஹ்மத் கானின் எழுத்துகளைப் படித்தபோது, நவீன அறிவியலும் தத்துவமும் அறியாதவனின் கல்வி முழுமையாகாது என உணர்ந்தார். ஆங்கில எழுத்துகளை ஒருவரிடம் கற்றுக்கொண்டார். பின்னர் பைபிளின் ஆங்கில, பார்ஸி, உருது மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டும், அகராதியின் துணையோடு ஆங்கில நாளேடுகளைப் படித்தும் அம்மொழியைத் தம் வயமாக்கினார். பழைய கட்டுகளினின்று விடுபட்டவர் என்னும் பொருளில் ஆஸாத் என்னும் பெயரையும் அந்நாட்களில்தான் சூடிக்கொண்டார்.

ராஞ்சி மலைநாட்டில்

1912ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவர் தொடங்கிய அல்ஹிலால் என்னும் உருது வார இதழ், உறங்கிய உள்ளங்களைத் தட்டியெழுப்பியது. ஆங்கில அரசு அவ்விதழை முடக்கியது. 1916ஆம் ஆண்டு அவரை வங்காளத்தை விட்டே வெளியேற்றியது. ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்ட அவர், 1919ஆம் ஆண்டின் இறுதியில்தான் விடுதலை பெற்றார்.

ராஞ்சி, முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள் வாழும் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்து ஊர். நாடு கடத்தப்பட்டவர் வருந்தி முடங்கிக் கிடந்தாரா? இல்லை. ஆங்குள்ள பள்ளிவாசலில் ஜும்ஆ உரை நிகழ்த்தினார்; மதரஸா ஒன்றை நிறுவினார்; திருக்குர்ஆன் மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்தார். காவலர் சோதனைகளில் கையெழுத்துப் படிகள் பறிபோயின. மனம் தளராது மீண்டும் எழுதினார். அவ்வுழைப்பே தர்ஜுமானுல் குர்ஆன் என்னும் பெயரால் 1930களில் வெளிவந்தது.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மீண்டும் சிறை. அஹ்மத்நகர்க் கோட்டையில் அடைபட்டிருந்த வேளையில், 1943ஆம் ஆண்டு ஏப்ரலில், துணைவியார் ஜுலைகா பேகம் கல்கத்தாவில் மரணமுற்றார். அரசிடம் சலுகை கேட்டு மன்றாட ஆஸாத் உடன்படவில்லை. இறுதியாக ஒருமுறை முகம் காணும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. அத்துயரினூடேயும், ஐம்பது வயதைக் கடந்த அப்பெருந்தகையின் பேனா ஓயவில்லை. வரலாறு, தத்துவம், இசை, தேநீர், சிறையறையில் கூடுகட்டிய சிட்டுக்குருவிகள் என எல்லாவற்றைப் பற்றியும் அவர் எழுதிய மடல்கள் குபாரெ காதிர் என்னும் நூலாயின.

கல்வி அமைச்சர்

சகோதரர்களே, சகோதரிகளே! நவீனப் பள்ளியில் ஒருநாளும் அமர்ந்திராத இப்பெரியாரே விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் கல்வி அமைச்சரானார். 1958ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் மரணமுறும் வரை அப்பொறுப்பை வகித்தார். கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் அக்காலத்தில் எழுந்தவை. அவற்றைப் பலரும் அறிவர். முதியோர் கல்விக்கு அவர் அளித்த முதன்மையை அறிந்தோர் சிலரே.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் மட்டுமே. ஆனால் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டிருந்தது. சிறுவர்கள் படித்து வளரும்வரை நாடு காத்திருக்க இயலாது. இன்று வாக்களிப்பவருக்கு இன்றே அறிவு வேண்டும் என்பதே ஆஸாத் அவர்களின் நோக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு கல்வி நின்றுவிடலாகாது என்பதற்காக, முதியோர் கல்வியைச் சமூகக் கல்வி என விரிவாக்கினார். எழுத்தறிவு, உடல்நலம், பொருளாதார மேம்பாடு, உரிமையும் கடமையும் உணர்ந்த குடிமை, நல்ல பொழுதுபோக்கு ஆகியவை அதன் கூறுகளாயின. 1952ஆம் ஆண்டு தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில், கிராமந்தோறும் இப்பணியாற்றச் சமூகக் கல்வி அமைப்பாளர்களும் நியமிக்கப்பட்டனர்.

எண்ணியவாறு விளைவு உடனே வந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு இருபத்தெண்மரே. எனினும் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. 1978ஆம் ஆண்டின் தேசிய முதியோர் கல்வித் திட்டம், 1988ஆம் ஆண்டின் தேசிய எழுத்தறிவு இயக்கம், 1990களில் தமிழகத்து ஊர்களில் இரவு விளக்குகளை ஏற்றிய அறிவொளி இயக்கம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கென 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் ஆகிய யாவும் அவ்வழியே வந்தவை.

நம் அண்டையில் ஒரு மலை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே சென்றால் ஜவ்வாது மலை. விண்மீன்களை ஆராயும் காவலூர் வானாய்வகம் அம்மலையில்தான் உள்ளது. அதே மலையில் சாமை விளைத்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோ எழுத்தறிவில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்து வந்துள்ளனர். பிழைப்புக்கு வழியின்றி, தரகர் சொல்லை நம்பி மலையிறங்கிச் செல்வோர் பலர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிக்கு இருபது தமிழகத் தொழிலாளர் இரையாயினர். அவர்களுள் பலர் ஜவ்வாது மலைப் பகுதியினர். எழுத்து ஒன்றே வறுமையைப் போக்கிவிடும் எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் கூலியையும் கணக்கையும் சட்டத்தையும் தாமே அறிந்தவரை ஏய்ப்பது எளிதன்று. எழுத்தோடு தொழிலும் உரிமையும் சேர்ந்ததே கல்வி என ஆஸாத் வகுத்ததன் பொருள் இங்கே தெளிவாகும்.

மலைமீது மட்டுமா இக்குறை? அழகுறத் திருமறை ஓதவும் அரபுத் தமிழ் படிக்கவும் வல்ல நம் தாய்மார் சிலர், வங்கிப் படிவத்தில் கைரேகை வைப்பதைக் காண்கிறோம். ஓதக் கற்ற நாவுக்கும் கண்ணுக்கும் தமிழ் எழுத்து அரிதாகுமா? மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில், படித்த மகளோ பேத்தியோ நாளொன்றுக்கு இரண்டு எழுத்துகள் கற்பித்தால், சில திங்களில் அத்தாய் தம் பெயரைத் தாமே எழுதுவார். மருந்துச் சீட்டையும் தாமே படிப்பார்.

சிறையையும் பாடசாலையாக்கிய அப்பெருந்தகையை நினைவுகூர விரும்பும் நாம், நம் இல்லத்தில் எழுத்தறியாத ஒருவருக்கேனும் எழுத்தறிவிப்போமாக! அதற்கு வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.