கொல்லர் மகன் பாரடே

மைக்கேல் பாரடே என்றதும் நமக்குக் கரண்ட்தான் ஞாபகம் வரும். காந்தத்தை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1831ல் கண்டுபிடித்தவர். ஆனா அதுக்கு முன்னாடி பல வருஷம் அவர் உலை முன்னாடி நின்று எஃகோடு மல்லுக்கட்டினார். அதுவும் நம்ம நாட்டு எஃகு!

1791 செப்டம்பர் 22ல் லண்டன் பக்கத்தில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாதவர். வீட்டில் கஷ்டம். 13 வயசில், அதாவது என்னைவிட ஒரு வயசு சின்னவராக, புத்தகக் கடைக்கு எடுபிடி வேலைக்குப் போனார். பிறகு பைண்டிங் கற்றார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் பிடித்துப்போனது. 1813ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் லண்டனில் ஆபரேஷன் கத்தி செய்தார். இந்தியாவிலிருந்து போன எஃகுக் கட்டியில் கத்தி அடித்துப் பார்த்து, இதுதான் உசத்தி என்று முடிவு கட்டினார். அங்கே அதுக்குப் பெயர் வூட்ஸ். நம்ம சேலம் பக்கமும் இதைச் செய்தார்கள். இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, எருக்கு இலை எல்லாத்தையும் மண் மூசையில் வைத்து, வாயை மண்ணால் பூசி, மணிக்கணக்கில் துருத்தி ஊதணும். குச்சியில் இருக்கிற கார்பன் இரும்புக்குள் ஏறிவிடும். ஆவாரஞ்செடி நம்ம ரோட்டோரமே பூத்துக் கிடக்கு! கத்தி செய்தவர் பெயரை எழுதி வைத்தார்கள், எஃகு செய்த கொல்லர்கள் பெயரை எழுதவில்லை. இது எனக்கு வருத்தம்தான்.

எஃகு மட்டும் நல்லா இருந்தா போதாது, தோய்ச்சல் சரியா இருக்கணும். எங்க ஊர்ப் பட்டறையில் பார்த்திருக்கேன். கொல்லர் தாத்தா அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் முக்குவார். சுர்ருன்னு சத்தம் வரும். வாய் கெட்டியாகும், சீக்கிரம் தேயாது. முதுகு கெட்டியாகாது, அதனால் அரிவாள் உடையாது. அப்படியே விட்டா வாய் சில்லு சில்லாப் பெயரும். அதனால் திரும்ப லேசாச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்துவார். நீலம் வரை போனா வாய் நிற்காது. எந்த நிறத்துக்கு எவ்வளவு சூடு என்று ஸ்டோடார்ட் வெப்பமானி வைத்தே குறித்தாராம். தாத்தாவுக்குக் கண்ணே போதும்.

பாரடே 1819ல் வூட்ஸைச் சோதித்து, அதில் உள்ள அலுமினியச் சத்துதான் ரகசியம் என்று எழுதினார். அது தப்பு. கார்பனும் காய்ச்சி அடிக்கிற பக்குவமும்தான் காரணம். இவ்வளவு பெரிய விஞ்ஞானியே தப்புச் செய்தாரா என்று எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. ஆனா வேறு பொருள் கலந்தால் எஃகு மாறும் என்று நம்பியதால்தானே அவரும் ஸ்டோடார்ட்டும் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் எல்லாம் கலந்து பார்த்தார்கள்! 1820லும் 1822லும் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த எஃகில் செய்த சவரக்கத்திகளை பாரடே நண்பர்களுக்குக் கொடுத்தார். 1823ல் ஸ்டோடார்ட் இறந்தார். கொஞ்ச நாளில் அந்த வேலையும் நின்றது. பாரடே 1867 ஆகஸ்ட் 25ல் காலமானார்.

அவர் செய்த எஃகுத் துண்டுகள் ஒரு பெட்டியில் அப்படியே கிடந்தன. மொத்தம் 79. 1931ல் ராபர்ட் ஹேட்ஃபீல்டு அவற்றைச் சோதித்து ஒரு புத்தகமே எழுதினார். மாங்கனீஸ் எஃகு கண்டுபிடித்தவர் இவர்தான். ரயில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் அந்த எஃகைத்தான் போடுகிறார்கள். சக்கரம் அடிக்க அடிக்க அதன் மேல்பரப்பு இன்னும் கெட்டியாகுமாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி