மரியா மாண்டிசோரி அம்மையார்

காலாண்டு விடுமுறையில் சமூக சேவைக்காக நாங்கள் பன்னிரண்டு பேர் மல்லாங்கிணற்றுக்கு அருகில் உள்ள ஒரு பால்வாடிக்குச் சென்றோம். வேலிக்கருவை வெட்டவும் கரிமூட்டம் போடவும் விடியற்காலையிலேயே போய்விடும் பெற்றோரின் பிள்ளைகள் அங்கே இருந்தனர். நாங்கள் பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம். ஒருவரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. இப்பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்று சலித்துக்கொண்டோம். மூலையில் ஒரு சிறுவன் மட்டும் பழைய டப்பாக்களுக்கு மூடி பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் அவனைச் சூழ்ந்து கைதட்டினோம். அவன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான். நாங்கள் செய்த தவறு என்ன என்பது, அருட்சகோதரி ஒருவர் படிக்கத் தந்த மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றிலிருந்தே எங்களுக்குப் புரிந்தது.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை விரும்பாத காலம் அது. ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையன்று என்று கூறியதால், மற்றவர்கள் சென்ற பிறகு தனியே அப்பாடத்தைக் கற்றார். 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் குழந்தைகள் உணவுக்குப் பின் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தவழ்வதைக் கண்டார். மற்றவர்கள் அதைப் பேராசை என்றனர். கைகளுக்கு வேலை இல்லாத ஏக்கம் அது என்று அம்மையார் உணர்ந்தார். தொட்டுப் பழகும் பொருள்களைக் கொண்டு அத்தகைய குழந்தைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார். அவர்களுள் சிலர் பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய தேர்விலேயே தேறினர்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6, மூன்று இராஜாக்கள் திருநாள். அன்று ரோமாபுரியின் ஏழைகள் வாழும் சான் லோரென்சோ பகுதியில் அம்மையார் பொறுப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கும் பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குச் செல்வர். பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குவர். அம்மையார் அவர்களுக்குச் சின்னஞ்சிறு மேசை நாற்காலிகளையும், கையால் செய்து பழகும் சாதனங்களையும் தந்தார்.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள துளைகளில் பல அளவுள்ள உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அம்மையார் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து முடித்து, நன்றாக உறங்கி எழுந்தவள் போல் முகமலர்ச்சியோடு எழுந்தாள்.

ஏழைக் குழந்தைக்குக் கவனம் இல்லை என்பது பொய் என்று அம்மையார் அன்று கண்டார். கைக்குத் தகுந்த வேலை கிடைத்தால் கவனம் தானே வரும். அப்போது திட்டினால் மட்டுமல்ல, பாராட்டினாலும் அது கலைந்துவிடும். ஆகவே பரிசையும் தண்டனையையும் அவர் கைவிட்டார்.

நம் தமிழகத்துக்கும் இவர் உறவானவர். 1939ஆம் ஆண்டு தம் 69ஆம் வயதில் மகன் மாரியோவுடன் சென்னை வந்து, அடையாற்றில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று ஆங்கில அரசு மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்பு கொடைக்கானல் மலையிலும் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் நூர்ட்விக் என்னும் ஊரில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று இவர் பெயர் நகரங்களில் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பலகையில் விளங்குகிறது. ஆனால் இவர் முறை பிறந்தது கூலிக்காரரின் குழந்தைகளிடையே அல்லவா! டப்பாவும் மூடியும் வைத்திருந்த அந்தச் சிறுவன் அன்றே எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தான், நாங்கள்தாம் கவனிக்கவில்லை.

அன்புத் தோழியரே! அரையாண்டு விடுமுறையில் நாங்கள் மறுபடியும் அந்தப் பால்வாடிக்குச் செல்லவிருக்கிறோம். வீட்டில் மிஞ்சிய டப்பாக்களையும், தண்ணீர் ஊற்றிப் பழகச் சொம்பும் தம்ளரும், தையல் வகுப்பில் பொத்தான் வைத்துத் தைத்த துணிகளையும் கொண்டுபோவோம். அவன் மூடி பொருத்தத் தொடங்கினால் இம்முறை கைதட்ட மாட்டோம். அவனாக நிமிர்ந்து சிரிக்கும் வரை வாய்மூடிக் காத்திருப்போம்.