நானி பால்கிவாலா

நானி அர்தேசிர் பால்கிவாலா (ஜனவரி 16, 1920 - டிசம்பர் 11, 2002) இந்தியாவின் புகழ்பெற்ற வழக்கறிஞர்களுள் ஒருவர். வருமான வரிச் சட்டத்தில் வல்லுநராகத் தொழிலைத் தொடங்கிய இவர், பின்னர் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்காக வாதாடியவராக அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

மும்பையில் எளிய பார்சி குடும்பத்தில் பிறந்தார். முன்னோர் பல்லக்குத் தொழிலில் ஈடுபட்டிருந்ததால் குடும்பப் பெயர் அமைந்தது. சிறுவயதில் இருந்த திக்குவாயை விடாமுயற்சியால் வென்றார். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றும் விரிவுரையாளர் பணி கிட்டாததால் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். 1940களின் நடுப்பகுதியில் ஜாம்ஷெட்ஜி காங்காவிடம் இளம் வழக்கறிஞராகச் சேர்ந்தார்.

வரிச் சட்டம்

1950இல் காங்காவுடன் இணைந்து வருமான வரிச் சட்டத்துக்கு விரிவான உரைநூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 30. முதற்பதிப்பு 1922ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பிற்காலப் பதிப்புகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையும் விளக்கின. வருங்கால வைப்பு நிதி, பணி ஓய்வு நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றுக்கான விதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றிருந்தன.

வரி விகிதங்கள் மிகையாக இருப்பதையும், சட்டம் ஓயாமல் திருத்தப்படுவதையும் அவர் கண்டித்தார். 1973-74இல் உச்ச வரி விகிதம் 97.75 விழுக்காடாக இருந்தது. வரவு செலவுத் திட்டம் குறித்து அவர் ஆண்டுதோறும் ஆற்றிய உரையைக் கேட்க மும்பை பிரபோர்ன் விளையாட்டரங்கில் பல்லாயிரவர் திரண்டனர்.

அரசியலமைப்பு வழக்குகள்

வங்கி நாட்டுடைமை வழக்கு (1970), மன்னர் மானிய வழக்கு (1970) ஆகியவற்றில் அரசுக்கு எதிராக வாதாடி வென்றார். கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் முன் 68 நாட்கள் விசாரணை நடந்தது. நாடாளுமன்றத்தால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இயலாது என 1973 ஏப்ரல் 24இல் 7-6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

1975 ஜூனில் தேர்தல் வழக்கில் இந்திரா காந்திக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். ஆனால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் அவ்வழக்கிலிருந்து விலகினார். அதே ஆண்டு நவம்பரில், கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுஆய்வு செய்ய 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு கூடியது. அதனை எதிர்த்து பால்கிவாலா வாதாடினார். இரு நாள் விசாரணைக்குப் பின் அமர்வு கலைக்கப்பட்டது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கிலும் வென்றார். ஒரே ஒரு வாக்கில் கிடைத்த தீர்ப்பு நிலைபெற்றதில் இவ்விரு நிகழ்வுகளுக்கும் முக்கிய பங்கு உண்டு.

பிற பணிகள்

1968இல் தலைமை வழக்கறிஞர் பதவியை ஏற்க மறுத்தார். 1977 முதல் 1979 வரை அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். 1998இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

சென்னையுடன் தொடர்பு

1990களின் பிற்பகுதியில் சென்னை சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனைக்கு 2 கோடி ரூபாய் நன்கொடை வழங்கினார். இவர் பெயரில் நானி பால்கிவாலா நடுவர் மையம் 2005இல் சென்னையில் தொடங்கப்பட்டது. 2004இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.