வெண்கருவில் தொடங்கிய சோதனை
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர் பால் ஊலன்ஹூட். இராணுவ மருத்துவராகப் பயின்றவர். 1899இல் கிரைஃப்ஸ்வால்டு நகருக்கு வந்து, நுண்ணுயிர் அறிஞர் லோஃப்லரிடம் உதவியாளராக அமர்ந்தார். அங்கேதான் கோழி முட்டை அவர் கைக்கு வந்தது.

கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் என் அம்மா ஓட்டைப் பார்த்தே பிரித்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் ஓட்டை உடைத்து, வெண்கருவும் துணியில் கறையாகக் காய்ந்துவிட்டால் என்ன செய்வது? ஊலன்ஹூட் ஒரு முயலைத் துணைக்கு அழைத்தார். கோழி முட்டையின் வெண்கருவை முயலுக்கு ஊசி வழியே பலமுறை செலுத்தினார். அந்நியப் புரதத்தைக் கண்ட முயலின் உடல் அதற்கென்றே எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. பிறகு அம்முயலின் இரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தைப் பிரித்து, வெண்கருக் கரைசலில் சேர்த்தார். கரைசல் கலங்கி வீழ்படிவு தோன்றியது. இது 1900ஆம் ஆண்டின் செய்தி.

வெண்கருவுக்குப் பொருந்துவது இரத்தத்துக்கும் பொருந்துமன்றோ! 1901 பிப்ரவரியில், மனித இரத்தத்தைப் பிற விலங்குகளின் இரத்தத்திலிருந்து பிரித்தறியும் முறையை வெளியிட்டார். அவ்வாண்டு ஜூலையில் ரூகன் தீவில் இரு சிறுவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். டெஸ்னோவ் என்னும் தச்சன் பிடிபட்டான். உடையில் இருந்தவை மரச்சாயக் கறைகள் என்றான். 1898இல் வேறோர் ஊரில் இரு சிறுமிகள் கொலையுண்டபோதும் இதையே சொல்லித் தப்பியவன் அவன். இம்முறை அவன் உடைகள் கிரைஃப்ஸ்வால்டுக்கு வந்தன. சில கறைகள் மனித இரத்தம் என்றும், சில செம்மறியாட்டின் இரத்தம் என்றும் ஊலன்ஹூட் கண்டறிந்தார். சில வாரங்களுக்கு முன் அத்தீவில் ஆடுகளும் வெட்டப்பட்டுக் கிடந்தன! தச்சனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பின்னர் அவர் ஸ்ட்ராஸ்பர்க், மார்பர்க், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. இன்று பிஸ்கட்டிலும் மருந்திலும் முட்டைப் புரதம் கலந்துள்ளதா என்று பார்க்கும் எலிசா சோதனையில், ஓவால்புமினுக்கு எதிரான எதிர்ப்பொருள்களே பயன்படுகின்றன. ஊலன்ஹூட்டின் முயலுக்கு அவை பேரப்பிள்ளைகள் எனலாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நாஜி ஆட்சியில், தம் முதுமைக் காலத்தில், மனித இனங்களைச் சீரத்தால் பிரித்துக் காட்டும் ஆராய்ச்சியில் அவர் இறங்கினார். 1944இல் அதற்காகக் கருநிறப் போர்க்கைதிகளைக் கேட்டார். இதில் எனக்கு வியப்பு என்னவெனில், அவருடைய சோதனையே அதற்கு எதிராகப் பேசியிருந்தது. மனித இரத்தத்துக்கான சீரம் குரங்கின் இரத்தத்தைக்கூட ஓரளவு உறவு கொண்டாடிக் கலக்கும்; மனிதருக்குள் இன்னார் எந்நாட்டார் என்று அது கேட்டதில்லை. முயலுக்குத் தெரிந்த அந்த நியாயம் பேராசிரியருக்குப் புலப்படாமல் போயிற்று.

1957 டிசம்பரில், தம் 87ஆம் வயதில், ஃப்ரைபர்க்கில் அவர் மறைந்தார்.