பார்னெல் நடத்திய படை

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையிலே உள்ள பாராளுமன்றத்தில் நான்கு நாட்டார் அமர்ந்திருந்தனர். ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தார், வேல்ஸ் நாட்டார், அயர்லாந்தார். 650-க்கு மேற்பட்ட இடங்களில் அயர்லாந்துக்குக் கிடைத்தவை 103. டப்ளின் நகரில் அவர்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் இருந்தது; 1800-ல் நிறைவேறிய இணைப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. இனி லண்டனுக்குத்தான் போகவேண்டும். போனாலோ, எந்தப் பிரச்னையிலும் ஓட்டெடுத்தால் 103 தோற்கும். கணக்கறிந்த சிறுவனும் சொல்லிவிடுவான். அத்தகைய மன்றத்திலே சிறுபான்மை நாட்டின் உறுப்பினர் செய்யத்தக்கது என்ன?

அழகாகப் பேசலாம் என்றார் ஐசக் பட் எனும் வழக்கறிஞர். ஆண்டுதோறும் சுயாட்சித் தீர்மானம் கொண்டுவருவார், சட்ட நுணுக்கத்தோடு பேசுவார், ஆங்கிலச் சீமான்கள் தலையசைத்துக் கேட்பர், பிறகு தோற்கடிப்பர். அடுத்த ஆண்டும் அதே காட்சி!

1875 ஏப்ரலில், மீத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று ஒரு வாலிபர் உள்ளே வந்தார். சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், வயது 28. ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. விக்லோ மாவட்டத்து நிலச்சுவான்தார். அயர்லாந்து மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அவரோ புராட்டஸ்டண்ட். கேம்பிரிட்ஜில் படித்தார், பட்டம் பெறாமலே திரும்பினார். பேச்சும் வராது. முந்தைய ஆண்டு டப்ளின் மேடையிலே தடுமாறி, கேட்டவர்கள் பரிதாபப்படும்படி உட்கார்ந்தவர். மேடையையே நம்பி வாழும் நம் போன்றோருக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்! ஆனால் நடந்தது நடந்ததுதானே.

அவர் சபையில் நுழைந்த நாளன்று, அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதா விவாதத்தில் இருந்தது. ஜோசப் பிக்கர் பேசிக்கொண்டிருந்தார். பெல்பாஸ்ட் நகரத்துப் பன்றி இறைச்சி வியாபாரி, முதுகு வளைந்தவர், கரகரத்த குரல். பேச்சில் நயமில்லை, நளினமில்லை. சர்க்கார் அறிக்கைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வாசித்தார், ஏறத்தாழ நான்கு மணி நேரம்! சீமான்கள் முகஞ்சுளித்தனர். பார்னெல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டில் வெல்ல முடியாதவன் நேரத்தில் வெல்லலாம் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

சபை விதிகளை மீறி மீறியே விதிகளைக் கற்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். அயர்லாந்து மசோதாவுக்கு மட்டுமல்ல, எந்த மசோதாவுக்கும் எழுந்தார். பிரிவுக்குப் பிரிவு திருத்தம். திருத்தத்துக்குத் திருத்தம் ஓட்டெடுப்பு. நள்ளிரவில் சபையை ஒத்திவைக்கக் கோரிக்கை. 1877-ல் தென்னாப்பிரிக்க மசோதாவின்போது ஒரே அமர்வு 26 மணி நேரம் நீடித்தது. வீம்புக்குச் செய்தாரென்று எண்ணவேண்டாம். சிறைச்சாலை மசோதாவில் கைதிகள் நிலையைப் பேசினார். ராணுவ மசோதாவில் சிப்பாய்க்குத் தரப்படும் சவுக்கடியை எதிர்த்து விடாப்பிடியாக நின்றார். அந்தச் சவுக்கடி 1881-ல் ஒழிந்தது. அடி தப்பியவரில் ஆங்கில ஏழை வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

1880-ல் கட்சித் தலைவரானார். அதற்கு முந்தைய ஆண்டே மைக்கேல் டேவிட் அமைத்த நிலக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். குத்தகை விவசாயியை வெளியேற்றிய நிலத்தை எவன் எடுக்கிறானோ அவனைச் சுடாதே, ஒதுக்கிவை என்பது அவர் தந்த யோசனை. மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் ஏஜெண்டு மீது அது பாய்ந்தது. கூலியாள் வரவில்லை, கடைக்காரன் விற்கவில்லை. அந்த ஏஜெண்டின் பெயர் பாய்காட். நம் ஊர் ஆலை வாயில்வரை வந்துவிட்ட சொல்லின் கதை இது.

வயலிலே நடந்ததற்குச் சபையிலே விடை தேடினர் ஆட்சியாளர். 1881 ஜனவரியில் மீண்டும் அடக்குமுறை மசோதா. அயர்லாந்தார் முறைவைத்துப் பேசினர், ஒருவர் உறங்க ஒருவர் நின்று. 41 மணி நேரம்! சபாநாயகர், எந்த விதியிலும் இல்லாத அதிகாரத்தைத் தாமே எடுத்து விவாதத்தை முடித்தார். மறுநாள் 36 அயர்லாந்து உறுப்பினர்களைச் சபை நீக்கிவைத்தது. விவாதத்தை முடித்துவைக்கும் விதி 1882-ல் முறைப்படி ஏற்பட்டது. அந்த அடக்குமுறைச் சட்டப்படியே, விசாரணை ஏதுமின்றி, பார்னெல் கில்மெய்ன்ஹாம் சிறையில் ஆறு மாதத்துக்கு மேல் அடைக்கப்பட்டார்.

தோழர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டியது 1884-ல் நடந்தது. ஒவ்வொரு வேட்பாளரும் கையொப்பமிடவேண்டிய உறுதிமொழி ஒன்றைக் கட்சி வகுத்தது. கட்சியோடு அமர்வேன், கட்சியோடு நடப்பேன், கட்சியோடு ஓட்டளிப்பேன். தவறிவிட்டதாகக் கட்சியின் பெரும்பான்மை கருதினால் பதவியை விட்டு விலகுவேன். அந்நாளில் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது, 1911-ல்தான் வந்தது. லண்டனில் மாதக்கணக்கில் தங்குவதென்றால் பணக்காரனாலேயே முடியும். பார்னெல் கட்சியிலோ கடைக்காரர், பத்திரிகையாளர், விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர். அயர்லாந்திலும் கடல்கடந்த அயர்லாந்தாரிடமும் திரட்டிய நிதியிலிருந்து அவர்களுக்குப் படி தரப்பட்டது. மக்கள் காசில் சாப்பிட்டவர் மந்திரி விருந்துக்கு மயங்கவேண்டிய அவசியமில்லை.

1885 தேர்தலில் 86 பேர் வந்தனர். லிபரல்கள் 335, டோரிகள் 249. கழித்துப் பாருங்கள், 86! ஆட்சியின் சாவி அவர்கள் கையில். 1886 ஏப்ரலில் கிளாட்ஸ்டன் சுயாட்சி மசோதா கொண்டுவந்தார். ஜூனில் 343-க்கு 313 என்று அது தோற்றது. லிபரல்களிலேயே 93 பேர் எதிர்த்து ஓட்டளித்தனர்.

அந்த ஓட்டெடுப்பிலே கால்வே தொகுதியின் உறுப்பினர் ஓட்டளிக்காமல் வெளியேறினார். பெயர் வில்லியம் ஓஷே. உறுதிமொழியில் கையொப்பமிட மறுத்தவர். பிப்ரவரி இடைத்தேர்தலில் அவரைக் கால்வே மக்கள் தலையில் கட்டியவர் யார்? உறுதிமொழி கண்ட தலைவரேதான்! ஓஷேயின் மனைவி காதரினோடு பார்னெல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவந்தார். பழைய பிக்கர் கால்வேக்கே சென்று எதிர்த்துப் பார்த்தார், பயனில்லை.

காதலைக் குற்றமென்று நாம் கூறமாட்டோம். கணவனோடு ஒட்டாத ஒரு மாதை நேசித்தார். பிறகு மணமும் முடித்தார். அதற்காக அவரைத் தூற்றியவர்களை நாம் மதிப்பதுமில்லை. ஆனால் கால்வே? அங்கே கொடுத்தது தம்முடைய சொத்தல்ல, கட்சியின் இடம்.

1887-ல் லண்டன் டைம்ஸ் ஏடு, கொலைக்கு அவர் உடந்தை என்று காட்டும் கடிதம் வெளியிட்டது. விசாரணையில், கடிதத்தை எழுதியவன் பிகாட் எனும் மோசடிக்காரன் என்பது அம்பலமாயிற்று. ஒரு சொல்லின் எழுத்துப் பிழையே அவனைக் காட்டிக்கொடுத்தது. சபையிலே எழுந்து நின்று பார்னெலை வரவேற்றனர். அந்த உச்சியிலே நின்றவர் மீது 1890 நவம்பரில் விவாகரத்துத் தீர்ப்பு விழுந்தது. பார்னெல் தலைவராக நீடித்தால் தம்மால் தொடர முடியாதென்று கிளாட்ஸ்டன் தெரிவித்தார். டிசம்பரில், பாராளுமன்றத்தின் 15-ம் எண் கமிட்டி அறையிலே கட்சி கூடியது. தலைமை நாற்காலியில் பார்னெல். தம்மை விலக்கும் தீர்மானத்தை ஓட்டுக்கு விடவில்லை. ஒழுங்குப் பிரச்னை, ஒத்திவைப்பு, தாமதம்... எதிரிக்கு எதிராகக் கற்ற வித்தை அத்தனையும் தோழர்கள் மீது! ஆறாம் நாள் ஜஸ்டின் மக்கார்த்தி 44 பேரோடு வெளியேறினார். பார்னெலைச் சேர்த்து 28 பேர் எஞ்சினர்.

விலகியிருக்கலாம் அவர். கட்சியின் பெரும்பான்மை கேட்டால் விலகவேண்டுமென்பது மற்றவர்களுக்கு அவர் இட்ட விதி. விலகவில்லை. மூன்று இடைத்தேர்தல்களில் ஆள் நிறுத்தினார், மூன்றிலும் தோல்வி. மழையிலும் காய்ச்சலிலும் ஊரூராகச் சென்று, 1891 அக்டோபர் 6-ம் நாள் மாண்டார். வயது 45.

1893-ல் இரண்டாவது சுயாட்சி மசோதா வந்தபோது அயர்லாந்தார் இரு கூறாக இருந்தனர். காமன்ஸ் சபை அதை ஏற்றது; பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்று தூக்கியெறிந்தது. பிளந்த கட்சி மீண்டும் ஒன்றானது 1900-ல்தான்.