ஜேம்ஸ் வாட்டும் வீண்போகும் வெப்பமும்

நீராவி யந்திரத்தை முதன்முதற் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்பது பலரது எண்ணம். அஃது உண்மையன்று. அவர் பிறக்குமுன்னரே, 1712-இல், நியூகோமன் என்பார் அமைத்த யந்திரம் சுரங்க நீரை இறைத்தது. வாட் கண்டது அவ்யந்திரத்தின் வீண்செலவையே. அதனாலேயே அவர் சரிதம் நாம் கற்கத்தக்கதாயிற்று.

வாட் ஸ்காட்லாந்து தேசத்துக் கிரீனக் நகரில் 1736-ஆம் ஆண்டு பிறந்தார். லண்டனில் ஓராண்டே கருவித்தொழில் பயின்று, கிளாஸ்கோ நகரிற் கடை வைக்க முயன்றார். ஏழாண்டு பயிலாதவரென்று கம்மியர் சங்கத்தார் தடுத்தனர் என்பர். அப்பொழுது அந்நகரத்துச் சர்வகலாசாலையார் தம் எல்லைக்குள்ளேயே பட்டறை அளித்து அவரை ஆதரித்தனர். வகுப்பிற் காட்டும் நியூகோமன் யந்திரத்தின் சிறு மாதிரியொன்று, 1763-இல், பழுதுபார்க்க அவரிடம் வந்தது. உருளைக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சி ஆவியைக் குளிர்விப்பதால் உருளையும் குளிர்ந்துவிடுகிறது. அடுத்துப் புகும் ஆவியிற் பெரும்பகுதி அதை மீண்டும் சூடாக்குவதிலேயே அழிகிறது என்று அவர் அளந்தறிந்தார். 1765-இல் வழி புலப்பட்டது. ஆவியை வேறொரு கலத்திற் குளிர்வித்தால் உருளை என்றும் சூடாகவே இருக்குமன்றோ?

எண்ணம் கைகூடப் பத்தாண்டு சென்றது. பொருளுதவிய ரோபக் கடனில் மூழ்கினார். வாட் கால்வாய் அளக்கும் வேலையாற் பிழைத்தார். 1773-இல் மனைவியையும் இழந்தார். 1775-இல் பர்மிங்காம் நகரத்துப் போல்டன் கூட்டாளியான பின்னரே யந்திரங்கள் வெளிவந்தன. பழைய யந்திரத்தினும் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கே அவர்கள் பெற்ற உரிமைப்பணம். மிச்சமே ஊதியமாயிற்று! 1784-ஆம் ஆண்டளவில் வாட் தம் எழுத்தறையையும் நீராவியால் வெப்பமூட்டினார். 1819-இற் காலமானார்.

ஆயினும், அவர் பிரித்தமைத்த கலத்தினின்று குளிர்நீரோடு செல்லும் வெப்பம் வீணாகவே நின்றது. இன்றும் நம் திருவள்ளூர் மாவட்டத்து வல்லூரிலுள்ளது போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரியின் வெப்பத்திற் பாதிக்கு மேற்பட்டது மின்சாரமாகாமலே கழிகிறது. அதனையும் பயன்கொள்வதே மின்சாரமும் வெப்பமும் ஒருங்கே விளைக்கும் முறை. கரும்பாலைகள் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்தபின், வெளிவரும் ஆவியாற் சாறு காய்ச்சுகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1995 முதல் தன் வளாகத்திலேயே இம்முறையைக் கைக்கொண்டுள்ளது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் ஆலைகள் அருகருகே இருத்தலின், ஒன்று கழிக்கும் வெப்பம் மற்றொன்றுக்கு உதவுதல் கூடும். குளிர்காலமற்ற நம் கல்லூரிகளில் அதைக்கொண்டே அறைகளைக் குளிர்விக்கவும் இயலும்.

மாணவ நண்பர்களே, விளக்கின்மேல் வாட் என்னும் பெயரைக் காணுந்தோறும், இதற்காக எரிந்த வெப்பத்தின் எஞ்சிய பங்கு எங்கே சென்றது என்று நாம் வினவுவோமாக. அவ்வினாவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் கடன்.