உரம் விற்றவர் விட்டுச்சென்ற வயல்

நெல்லுக்கு அடியுரமாகப் போடும் சூப்பர் பாஸ்பேட்டுக்கு 1842-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஜான் பென்னட் லாஸ். லண்டனுக்கு வடக்கே உள்ள ராத்தம்ஸ்டெட் பண்ணையின் வாரிசு. 1814-ல் பிறந்த அவர், எட்டு வயதில் தந்தையை இழந்தார். ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே திரும்பி 1834-ல் பண்ணையைக் கவனிக்கத் தொடங்கினார்.

எலும்புத்தூள் ஒரு நிலத்தில் பலன் தருகிறது, இன்னொரு நிலத்தில் தருவதில்லை. ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. எலும்பில் கந்தக அமிலத்தை ஊற்றி, நீரில் கரையும் மணிச்சத்தாக மாற்றினார். 1843-ல் உர ஆலை தொடங்கினார். பணம் கொட்டியது.

அதே ஆண்டில் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு, பிராட்பாக் என்ற வயலில் கோதுமை விதைத்தார். ஒரு பகுதிக்கு எந்த உரமும் இல்லை. ஒரு பகுதிக்குத் தொழுவுரம் மட்டும். மற்றவற்றுக்கு விதவிதமான உரக் கலவைகள். சில ஆண்டுகளில் நிறுத்தாமல், இருவரும் சேர்ந்து 57 ஆண்டுகள் நடத்தினார்கள். காற்றும் மழையும் தரும் தழைச்சத்தே பயிருக்குப் போதும் என்று அக்காலத்தின் பெரிய விஞ்ஞானியான லீபிக் வாதிட்டார். போதாது என்று அந்த வயல் காட்டியது.

இன்றைக்கு நமக்கு முக்கியமானது இன்னொன்று. 1849-ல் அந்த வயலுக்கு அடியில் வடிகால் குழாய்கள் பதித்தார்கள். 1860-களில் அந்த வடிநீரைச் சோதித்தபோது, அம்மோனியம் உரம் கூடக்கூட நீரில் நைட்ரேட்டும் கூடியிருந்தது. போட்ட உரத்தில் ஒரு பங்கு பயிருக்குச் சேராமல் நிலத்தடிக்குப் போகிறது என்பது, உரம் விற்றுச் சம்பாதித்த ஒருவரின் வயலிலேயே பதிவானது. கிணற்று நீரில் நைட்ரேட் இருக்கிறதா என்று நாம் இப்போது பார்க்கும் ஆய்வுக்கு இது முன்னோடி.

1872-ல் உர வியாபாரத்தை விற்றார். தன் காலத்துக்குப் பிறகும் ஆய்வு நிற்கக்கூடாது என்று 1889-ல் ஒரு லட்சம் பவுண்டில் அறக்கட்டளை வைத்தார். 1900-ல் காலமானார்.

அவர் புட்டிகளில் சேர்த்துவைத்த மண், தானிய மாதிரிகள் இன்று சுமார் 3 லட்சமாகப் பெருகியுள்ளன. காற்றுவழி வந்து படிந்த நச்சுப்பொருள்களை, அவர் காலத்தில் பெயர்கூட இல்லாத மாசுகளை, பின்னாளில் அந்தப் புட்டிகளில்தான் கணக்கிட்டார்கள். தொழுவுரம் இட்ட பகுதியில் மண்ணின் கரிமச்சத்து, உரமே இடாத பகுதியைவிட இரண்டு மடங்குக்கு மேல். மூன்றாண்டுத் திட்டங்களுக்கே நிதி ஒதுக்கும் வழக்கத்தில் இப்படி ஒரு கணக்கு கிடைக்காது. வறட்சியும் வெயிலும் மாறிவரும் இக்காலத்தில், சுற்றுச்சூழல் ஆய்வுக்கு இத்தகைய நெடுங்கால வயல்களே அதிகம் தேவை.

கோவையிலும் அப்படி ஒன்று உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தின் நிரந்தர உரப் பரிசோதனை வயல் 1909-ல் தொடங்கியது. ராத்தம்ஸ்டெட்டிலோ, 1843 முதல் ஒரு பிடி உரமும் காணாத அந்தப் பகுதி இன்னும் ஏக்கருக்கு ஏறக்குறைய 400 கிலோ கோதுமை தருகிறது.